கடலுக்குச் சாத்திய யன்னல்

மகள் எங்கேயோ வாசித்துவிட்டு வாங்கிவந்த லாவெண்டர் எண்ணெயில் யூகலிப்டஸும் கலந்து என் விரல் மூட்டுகளில் தடவத் தொடங்கியதும், இப்போது அடுக்குமாடி எழும்பிவிட்ட கொழும்பு வெள்ளவத்தை ஒழுங்கையில், நான் சின்னப்பிள்ளையாக இருந்த அந்தக் கடைசி வீட்டுக்குள், அந்த வாசத்தோடு மறுபடி அடைபட்டுப் போனேன்.

ரயில் பாதையைத் தாண்டினால் கடல். ஆனால் உப்புக்காற்றுப் பட்டால் அப்பாவின் மூட்டுவாதம் கூடும் என்று அம்மா யன்னல்களைத் திறக்கவே விடமாட்டா. பின்னேரங்களில் கொதிநீர்ச் சட்டியில் யூகலிப்டஸ் எண்ணெய் விட்டு, அப்பாவின் வீங்கிய கைகளை ஆவியில் பிடித்து, மேலே துவாயால் மூடுவா. ரயில் போகையில் கண்ணாடிகள் அதிரும், சட்டித் தண்ணீர் நடுங்கும், எங்கள் பள்ளிக்கூட உடுப்பிலும் சோற்றிலும்கூட அந்த வாசம் ஏறியிருக்கும்.

"இப்ப சுகமோ?" என்று அம்மா கேட்பா.

"ஓம், நல்ல சுகம்" என்பார் அப்பா. அம்மா சமைக்கக் குசினிக்குள் போனதும் சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டி, முடியாமல், என்னைக் கண்ணால் கூப்பிடுவார். நான் சத்தமில்லாமல் போட்டுவிடுவேன்.

"இப்ப எப்பிடி அம்மா?" என்று மகள் கேட்கிறாள்.

"ஓம் பிள்ளை, நல்ல சுகம்."

அவள் எண்ணெய்ப் போத்தலோடு உள்ளே போகும்வரை, மடங்காத விரல்களை மடியில் கிடக்கும் துவாய்க்குள் ஒளித்துவைக்கிறேன். பொத்தான் போட்டுவிட இந்த வீட்டில் சின்னப்பிள்ளைகள் இல்லை.