தூங்குகிறவர்களின் மூச்சு

என் மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அறைக் கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு தூங்கினாள். அப்போது அவள் எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். அதுவரை எங்கள் வீட்டில் யாரும் பகலில் தாழ் போட்டுத் தூங்கியதில்லை. முதலில் மெதுவாகத் தட்டினேன். பிறகு உள்ளங்கையால் அடித்தேன். அவள் எழுந்து வந்து திறந்தபோது கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"உயிரோடதாம்மா இருக்கேன். கொஞ்ச நேரம் தூங்க வுடேன்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் அசதியில் சொன்னாள்.

நான் அரியலூரில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். செந்துறைப் பக்கம் முந்திரிக்காடு வைத்திருந்த குடும்பத்தில் பிறந்து, நர்சிங் படித்து, கல்யாணமாகி அரியலூருக்கு வந்தேன். கணவருக்கு சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் வேலை. கொரோனா வந்தபோது நான் வார்டுக்குப் புதியவள் இல்லை. பூச்சிமருந்து குடித்து வந்தவர்கள், லாரி மோதி வந்தவர்கள், வயசாகிப் போனவர்கள் என்று எத்தனையோ பேரைப் பார்த்திருந்தேன். மனசு கஷ்டப்படும். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, சோறு ஆக்கி, மறுநாள் வேலைக்குப் போய்விடுவேன்.

இரண்டாவது அலையில் அப்படி முடியவில்லை. கட்டில்கள் நிறைந்து, கட்டிலுக்கு இடையிலும் ஆள் படுத்திருந்த நாட்கள் அவை. அந்த நோயில் எங்களைப் பயமுறுத்தியவர்கள் முனகுகிறவர்கள் அல்ல, தூங்குகிறவர்கள்தான். நன்றாகப் பேசிக்கொண்டிருப்பார்கள். டீ கேட்பார்கள். சற்றுக் கண்ணயர்வார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் தூக்கமும் மற்றதும் ஒன்றுபோலத்தான் இருக்கும். அதனால் வார்டுக்குள் நுழைந்ததும் வாசலிலேயே நின்று ஒவ்வொரு நெஞ்சாகப் பார்ப்பேன். ஏறி இறங்குகிறதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

உடையார்பாளையத்துக்காரர் ஒருவர் இருந்தார். உரக்கடை வைத்திருந்தவர். நான் அடிக்கடி வந்து பார்ப்பதை வைத்துக் கேலி செய்வார். "என்னம்மா, செத்த கண்ண மூடுனா போதும், வந்து எட்டிப் பாக்குற. நான் எங்க போயிடப் போறேன்?" என்பார். ஒரு நாள் மதியம் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். பார்த்தேன், மூச்சு இருந்தது. பக்கத்துக் கட்டிலில் டிரிப் மாற்றிவிட்டுத் திரும்பினேன். இல்லை. டாக்டர் ஓடி வந்தார். எல்லாம் செய்தோம். ரத்தக்கட்டி நுரையீரலுக்குப் போயிருக்கும், பக்கத்திலேயே நின்றிருந்தாலும் பிடித்து நிறுத்தியிருக்க முடியாது என்று டாக்டர் பிறகு சொன்னார். நம்பினேன். ஆனால் ஒரு முறை பார்த்தால் போதாது, திரும்பவும் பார்க்க வேண்டும் என்பது மட்டும் அன்றைக்கு எனக்குள் ஏறி உட்கார்ந்துவிட்டது.

பாதுகாப்புக் கவுனும் கண்ணாடியுமாக அந்தக் கட்டிலருகே நின்று அழுதேன். எங்கள் ஹெட் சிஸ்டர் பின்னால் வந்து நின்றார். வார்டு முழுவதற்கும் பொறுப்பாக இருந்த தலைமைச் செவிலியர், ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர்.

"அழுவணும்னா கவுனக் கழட்டிட்டு வெளிய போயி அழு. கண்ணாடி மங்கிப்போச்சுன்னா அடுத்தவங்களுக்கு ஊசி எப்படி ஏத்துவ?"

அவர் சொன்னது சரிதான். அந்தச் சமயத்தில் அவரை எனக்குப் பிடிக்காமல் போனதும் உண்மைதான். அவர் அழுது நாங்கள் யாரும் பார்த்ததில்லை.

அந்த மாதங்களில் மகளை உடையார்பாளையத்தில் நாத்தனார் வீட்டில் விட்டிருந்தேன். திரும்பி வந்தபோது அவளுடைய பாவாடையெல்லாம் கணுக்காலுக்கு மேலே ஏறியிருந்தது. அலை ஓய்ந்தது. எங்களை வரிசையாக நிற்கவைத்துக் கைதட்டினார்கள், சால்வை போர்த்தினார்கள். வார்டில் பழையபடி காய்ச்சலும் சர்க்கரை நோயும் வரத் தொடங்கின. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

வீட்டில்தான் தொடங்கியது. இரவு ஷிப்ட் முடித்துவிட்டுப் பகலில் தூங்கும் கணவரின் மூக்கருகே கையை வைத்துப் பார்ப்பேன். அவர் பதறி எழுவார். மகள் கண்ணை மூடினால் அடுப்பை அணைத்துவிட்டுப் போய்ப் பார்ப்பேன். பார்த்துவிட்டு வந்து கரண்டியைக் கையில் எடுப்பேன். அதற்குள் ஏதாவது ஆகியிருந்தால் என்று தோன்றும். திரும்பவும் போவேன். போர்வை தடிமனாக இருந்தால் நெஞ்சு அசைவது தெரியாது என்று விலக்கிப் பார்ப்பேன். இப்படியே மாதக்கணக்கில் போனது. அதன் பிறகுதான் அவள் கதவைத் தாழ் போட்டாள்.

அடுத்த வாரம் நாத்தனார் வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு நானும் அவளும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு பெரியவர் தலையை ஜன்னல் கம்பியில் சாய்த்து, வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். பார்க்காதே என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். பார்த்தேன். பஸ் ஓடும்போது எல்லார் நெஞ்சும்தான் அசைகிறது. அவருடையது மூச்சா, குலுக்கலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. எழுந்து போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். குலுக்கலில் நாடி பிடிபடவில்லை. மயக்கத்தில் இருப்பவரை எழுப்ப நாங்கள் விரல் முட்டியை நெஞ்செலும்பில் வைத்து அழுத்தித் தேய்ப்போம். யோசிக்கவே இல்லை, அதைச் செய்துவிட்டேன்.

அவர் அலறிக்கொண்டு எழுந்தார். "ஐயோ! யாரும்மா நீ? தூங்கிக்கிட்டு வர்ற மனுசன இப்புடியா குத்துவ?"

"நர்ஸுங்க ஐயா… மூச்சு… நான்…"

கண்டக்டர் வந்து, "என்னம்மா, என்ன பண்றீங்க?" என்று கேட்டார். பின்னால் ஒரு அம்மா, "பாவம், அந்தப் பொண்ணுக்கு என்னமோ" என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது காதில் விழுந்தது. என் மகள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அழுதாள்.

அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "ஒரு டாக்டரப் பாத்துட்டு வந்துருவோமா?"

"எந்த டாக்டர?"

"அதுக்குன்னு இருக்காங்கள்ல."

"அரியலூர்லயா? நான் போயி உக்காந்தா விடிஞ்சா எல்லாருக்கும் தெரிஞ்சிரும். மூளை கொழம்புன நர்ஸுகிட்ட ஊசி போட்டுக்க யாரு வருவாங்க?"

எத்தனையோ குடும்பங்களிடம், இதுவும் ஒரு வியாதிதான், வெட்கப்பட ஒன்றுமில்லை என்று நானே சொல்லியிருக்கிறேன். எனக்கு என்று வந்தபோது அந்த வார்த்தை எனக்கே உதவவில்லை.

"அப்ப பெரம்பலூர் போ. அங்க யாருக்கு ஒன்னயத் தெரியும்?" என்றார் அவர்.

தனியாகத்தான் போனேன். பெரம்பலூரில் ஒரு மருந்துக்கடைக்கு மேலே, மாடியில் இருந்தது அந்த டாக்டரின் கிளினிக். மனநலம், நரம்பு, தூக்கமின்மை என்று போர்டில் எழுதியிருந்தது. யாராவது பார்த்தால் நரம்புக்கு வந்தேன் என்று சொல்லலாம். அப்போது முகக்கவசத்தை முக்கால்வாசிப் பேர் கழற்றிவிட்டிருந்தார்கள். நான் போட்டிருந்தேன். துப்பட்டாவையும் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு படி ஏறினேன்.

உள்ளே மூலை நாற்காலியில் இன்னொரு பெண்ணும் முகக்கவசத்தோடு உட்கார்ந்திருந்தார். அவர் நிமிர்ந்து பார்த்தார். எங்கள் ஹெட் சிஸ்டர். கவுனுக்கு மேலே கண் மட்டும் தெரிய, மாதக்கணக்கில் ஒரே வார்டில் நின்றவர்கள் நாங்கள். மற்றவர்களிடமிருந்து மறைத்த முகக்கவசம் எங்களுக்குள் எதையும் மறைக்கவில்லை. அவர் பையை எடுத்துக்கொண்டு எழப் பார்த்தார். நானும் திரும்பி இறங்கிவிடலாமா என்று நின்றேன். வாசலை நான் மறித்துக்கொண்டிருந்ததால் அவரால் போக முடியவில்லை.

"நீ எங்க இங்க?"

"தலவலிங்க சிஸ்டர். நரம்பு டாக்டர்னு சொன்னாங்க."

"ம். எனக்கும் தலவலிதான்."

நடுவில் ஒரு நாற்காலியை விட்டுவிட்டு உட்கார்ந்தேன். டிவியில் சத்தமில்லாமல் ஏதோ ஓடியது. இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் என் பக்கம் திரும்பாமலே பேசினார்.

"எங்கண்ணன் எறந்துட்டாரு, தெரியுமா? பாடாலூர்ல. கொரோனா இல்ல, மாரடைப்பு."

"கேள்விப்பட்டேங்க சிஸ்டர்."

"என்னையப் படிக்க வச்சதே அவருதான். கூடத்துல கெடத்தியிருக்காங்க. எல்லாரும் நெஞ்சுல அடிச்சிக்கிட்டு அழுவுறாங்க. நான் கட்டவிரல ஒழுங்கா கட்டியிருக்காங்களா, மூக்குல பஞ்சு சரியா இருக்கான்னு பாத்துக்கிட்டு நிக்கிறேன். எங்கண்ணி என்னையப் பாத்துச்சு பாரு…" நிறுத்திவிட்டுத் தொடர்ந்தார். "அழுவையே வரல. அதுக்கப்புறம் எதுக்குமே வரல. மரக்கட்டையாட்டம் இருக்கேன்."

நான் பஸ்ஸில் நடந்ததைச் சொன்னேன். வார்டில் ரிப்போர்ட் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டார்.

"நாடி பாத்தியா?"

"பாத்தேங்க. பஸ் குலுங்குனதுல கெடைக்கல."

"அதுக்காக நெஞ்செலும்புல தேச்சியா?"

"ஆமாங்க."

அவருடைய தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பயந்து கையைப் பிடித்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் வந்துவிட்டது. காத்திருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள். அவர் முகக்கவசத்தைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம், அந்த ஆளுக்கு வலிச்சிருக்கும்" என்றார். அதன் பிறகு நடுநாற்காலிக்கு நகர்ந்து வந்து உட்கார்ந்தார்.

டாக்டர் என்னைவிட வயதில் சின்னவர். தூங்குறீங்களா என்றுதான் முதலில் கேட்டார். அதுவரை மற்றவர்களின் தூக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்த எனக்கு, நான் தூங்குவதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"வார்டுல நீங்க அப்படிப் பாத்தது தப்பே இல்ல. அங்க அது ஒங்க வேலை. அந்த வேலை முடிஞ்சிடுச்சுன்னு ஒங்க ஒடம்புக்கு இன்னும் தெரியல" என்றார்.

மாத்திரை கொடுத்தார். ஒரு பயிற்சியும் சொன்னார். மகள் தூங்கும்போது ஒரு முறை மட்டும் போய்ப் பார்க்கலாம். திரும்பிப் பார்க்கத் தோன்றினால் போகாமல், அந்தப் பயத்தோடேயே உட்கார்ந்திருக்க வேண்டும். அது தானாகத் தணியும்வரை. கேட்க எளிதாக இருந்தது. முதல் நாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், வியர்த்துக் கொட்டியது, முடியாமல் எழுந்து ஓடினேன். மறுநாளும் ஓடினேன். மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அன்றைக்குக் கதவை முழுசாகச் சாத்தாமல் படுத்தாள்.

"ஒரு தடவ பாத்துட்டுப் போயிடணும், சரியா?"

"சரி."

"சத்தியமா?"

"சத்தியமா."

சத்தியத்தைப் பல நாள் மீறினேன். அவள் சண்டை போடவில்லை. மெல்ல மெல்லத்தான் அந்த நாற்காலியில் உட்காரப் பழகினேன். கதவைத் தாழ் போடுவதை அவள் எப்போது விட்டாள் என்று எனக்கு ஞாபகமில்லை.

ஹெட் சிஸ்டரும் நானும் ஒரே நாளில் வரும்படி டாக்டரிடம் நாள் கேட்டு வாங்கிக்கொண்டோம். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போய் வந்தோம். ஒரு முறை திரும்பும்போது அவர், "நேத்து குக்கர் கேஸ்கெட் கிழிஞ்சு போச்சுன்னு அழுதேன்" என்றார்.

"கேஸ்கெட்டுக்கா?"

"அதுக்குத்தான்னு நெனச்சு ஆரம்பிச்சேன். அப்புறம் நிறுத்த முடியல."

ஹெட் சிஸ்டர் ஓய்வு பெற்றதும் பாடாலூருக்கே போய்விட்டார். அண்ணியும் அவரும் இப்போது ஒரே வீட்டில் இருக்கிறார்கள். முதலில் அண்ணி முகம்கொடுத்துப் பேசவில்லையாம். இப்போது போனில் நான் பேசினால் பின்னாலிருந்து அண்ணியின் குரலும் கேட்கிறது.

எனக்கு முழுசாகச் சரியாகிவிட்டதா என்றால், இல்லை. சில மழைக்காலங்களில், வார்டில் இருமல் சத்தம் கூடும்போது, பழையது எட்டிப் பார்க்கும். மாத்திரையின் அளவைக் குறைத்திருக்கிறார்கள், நிறுத்தவில்லை. அதை நான் இப்போது ஒளித்துவைத்துச் சாப்பிடுவதில்லை. ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் வார்டில் புதிதாகச் சேர்ந்த நர்ஸ், அது என்ன மாத்திரை என்று கேட்டாள். கொரோனா சமயத்தில் வேறோர் ஊரில் ஒப்பந்த வேலையில் இருந்தவள் அவள். மாத்திரையின் பெயரைச் சொன்னேன், பெரம்பலூர் டாக்டர் கொடுத்தது என்றும் சொன்னேன். எதற்கு என்பது அவளுக்கே தெரியும். டிபன் பாக்ஸைக் கழுவப் போய்விட்டாள்.

சில நாள் கழித்து மருந்து அலமாரியை அடுக்கிக்கொண்டிருந்தபோது மெதுவாகக் கேட்டாள். "அந்த டாக்டரு சனிக்கெழம இருப்பாங்களாக்கா?"

"இருப்பாங்க. நானும் கூட வரட்டுமா?"

கையில் இருந்த அட்டைப்பெட்டியை அலமாரியில் வைத்தாள். பிறகு தலையாட்டினாள்.

சனிக்கிழமை காலை பெரம்பலூர் பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும், இன்னும் நேரம் இருக்கிறது என்று இரண்டு பேரும் ஒரு கடையில் நின்று டீ குடித்தோம்.