அக்காவுக்குக் கடதாசிக் கப்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்திலும் அது எல்லோருக்கும் தெரியும். ஒருமுறை பீலெஃபெல்டில் பஸ்ஸுக்குள் ஒரு கிழவன் என்னைப் பார்த்து, உன்னுடைய நாட்டுக்குப் போ என்று முணுமுணுத்தான். எனக்குத் தெரிந்த உடைந்த ஜெர்மனில் அவனைக் கிழித்துத் தொங்கவிட்டேன். சாரதி பஸ்ஸையே நிறுத்திவிட்டார். அந்தக் கதையை வருகிறவர்கள் போகிறவர்களுக்கெல்லாம் பல வருடங்கள் சொல்லித் திரிந்திருக்கிறேன். நான் என்னை எப்படிப்பட்டவள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது தெரியட்டும் என்றுதான் இதை முதலில் எழுதுகிறேன்.

மகள் பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் இருந்தாள். ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு ரெஃபராட் செய்ய வேண்டும், அதாவது வகுப்புக்கு முன்னால் படங்களைக் காட்டிப் பேச வேண்டும். இந்த முறை பெற்றோரையும் அழைத்து மாலையில் வைப்பதாகப் பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் எடுத்த விஷயம் அமெரிக்கா. அங்கே கறுப்பு மக்களை வெள்ளையரிடமிருந்து பிரித்து வைத்த சட்டங்களும், அவற்றை உடைத்த இளம் பிள்ளைகளும்.

நானும் அதில் ஒரு பங்கு எடுத்தேன். எங்கள் இல்லத்தில் ஸ்டுட்கார்ட் பக்கம் பிறந்த ஒரு கிழவி இருக்கிறா. போர் முடிந்தபோது சின்னப் பிள்ளை. முதன்முதல் தனக்குச் சொக்கலேட் தந்தது ஒரு கறுப்பு அமெரிக்கப் படைவீரன் என்று தலை சீவிவிடும்போதெல்லாம் சொல்லுவா. நான் அதை மகளுக்குச் சொன்னேன். அவள் தேடிப் படித்துவிட்டு வந்து, அந்த வீரர்களுக்கு அவர்களுடைய சொந்தப் படைக்குள்ளேயே பிரிவு வேறு, சாப்பிடும் இடம் வேறு என்றாள். ஹிட்லரை எதிர்த்துச் சண்டை பிடித்துவிட்டு ஊருக்குத் திரும்பினால் பஸ்ஸில் பின்னுக்குத்தான் இருக்க வேண்டுமாம். அன்று முழுக்க அமெரிக்காவைத் திட்டிக்கொண்டே கறி சமைத்தேன்.

ரெஃபராட்டை முதலில் வீட்டில் செய்து பார்க்கப்போகிறேன், பெரியம்மாவையும் கூப்பிடுங்கோ, அவ பள்ளிக்கூடத்துக்கும் வர வேணும் என்று மகள் சொன்னாள். பெரியம்மா என்று அவள் சொல்வது என் உடன்பிறந்தவளை அல்ல. அகதிகள் விடுதியில் எங்களுக்குப் பக்கத்து அறையில் இருந்த அக்காவை. என் மனுசன் பின்னேர வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில், கொட்டுகிற பனிக்குள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனது அவதான். எனக்கு வலி எடுத்தபோது என் நகம் பதிந்தது அவவின் கையில்தான். தகப்பனுக்கு முன்னம் பிள்ளையைத் தூக்கியது அவ. பத்தியக் கறி காய்ச்சித் தந்ததும் அவ. ஒரே சமையலறை, ஒரே சட்டி. நான் வழித்து வழித்துச் சாப்பிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், மனுசனும் வீட்டில் நிற்கும்போது, அக்கா வந்தா. நல்ல சேலை ஒன்று உடுத்து, பள்ளிக்கூடத்துக்கே வந்ததுபோல சோபாவின் நுனியில் இருந்தா. மகள் தொலைக்காட்சியில் படங்களைப் போட்டு, எங்களுக்காகத் தமிழிலும் இடையிடையே ஜெர்மனிலும் பேசத் தொடங்கினாள். நான் ஒரு காதை அங்கே வைத்துக்கொண்டு குசினியில் தேத்தண்ணி ஊற்றினேன்.

ஒரு கடையைப் பற்றிச் சொன்னாள். கறுப்பு மக்கள் அங்கே சாமான் வாங்கலாம். அவர்களுடைய காசை வாங்கிப் பெட்டிக்குள் போடுவார்கள். ஆனால் அதே கடையின் சாப்பாட்டு மேசையில் இருந்து ஒரு கோப்பி கேட்டால் கொடுக்க மாட்டார்கள். கல்லூரிப் பிள்ளைகள் சிலர் போய் அந்தக் கதிரைகளில் இருந்தார்கள். சத்தம் போடவில்லை, சண்டைக்குப் போகவில்லை. தலையில் சீனியைக் கொட்டினார்கள், சோஸை ஊற்றினார்கள். அவர்கள் எழும்பவில்லை.

"இதைப் பாருங்கோ," என்று அடுத்த படத்தைப் போட்டாள். சுவரில் இரண்டு தண்ணீர்க் குழாய்கள். வெள்ளையருக்கு ஒன்று, கறுப்பருக்கு ஒன்று.

நான் தட்டத்தோடு உள்ளே வந்துகொண்டிருந்தேன். "சீ! இதுகளும் மனுசரே?" என்றேன். "குடிக்கிற தண்ணியிலையுமோ? நாசமாப் போவார்!"

சொல்லிக்கொண்டே தட்டத்தை மேசையில் வைத்தேன். மூன்று பூப்போட்ட பீங்கான் கப். ஒரு கடதாசிக் கப்.

மகள் படத்தைப் பார்க்கவில்லை, தட்டத்தைப் பார்த்தாள். பிறகு என்னை. "அம்மா, பெரியம்மாவுக்கு ஏன் எப்பவும் கடதாசிக் கப்?"

ஒரு நொடிகூட யோசிக்காமல் பொய் சொன்னேன். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது. கொஞ்சமாவது தடுமாறியிருந்தால் எனக்குள் ஏதோ மிச்சம் இருக்கிறது என்று நினைத்திருப்பேன். "பெரியம்மாவுக்கு அதுதான் விருப்பம்," என்றேன்.

அக்கா அந்தக் கப்பை எடுத்தா. "ஓம் பிள்ளை. எனக்கு இதுதான் வசதி. சுடாது," என்று சிரித்தா. "நீ சொல்லு, பிறகு அந்தப் பிள்ளையளுக்கு என்ன நடந்தது?"

கடதாசிக் கப் சுடும். பீங்கானைவிடச் சுடும், பிடிக்கக் காதுகூட இல்லை. அக்கா அதை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து, மடியில் விரித்த கைலேஞ்சியில் வைத்து ஆற்றி ஆற்றிக் குடித்ததை அன்றுதான் நான் பார்த்தேன். பதினேழு வருடமாக அப்படித்தான் குடித்திருக்க வேண்டும்.

நான் சொல்லித்தான் ஆக வேண்டும். விடுதியில் அக்காவை முதன்முதல் கண்ட நாளே, ஊரில் எவடம், எந்தக் கோயிலடி என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தாருக்கு அந்த இரண்டு கேள்வியும் போதும். அக்கா பதில் சொல்லும்போது கண்ணைத் தாழ்த்தினா, எனக்கு விளங்கிவிட்டது. எங்கள் ஊரில் அவர்கள் கோயில் வாசலுக்கு வெளியே நின்றவர்கள். எங்கள் வீட்டில் அவர்களுக்குச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றியதை நானே கண்டிருக்கிறேன். விடுதியில் அதெல்லாம் எடுபடவில்லை. எங்களுக்குப் பயமும் குளிரும் இருந்தன, அவவின் கை சூடாக இருந்தது.

சொந்த வீடு கிடைத்த பிறகுதான் எல்லாம் திரும்பி வந்தது. குடிபுகுந்த அன்று சொந்தக்காரர் வந்திருந்தார்கள். அக்காவும் வந்தா. ஆட்கள் அவவை யார் என்று கேட்பார்கள், கேட்டால் கண்டுபிடிப்பார்கள், பிறகு என் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள் என்று எனக்குப் பயம். மகளின் முதலாம் பிறந்தநாளுக்கு வாங்கின கடதாசிக் கப் மிச்சம் இருந்தது. இன்றைக்கு ஒரு நாளைக்குத்தானே என்று அதில் ஊற்றிக் கொடுத்தேன். அடுத்த முறை அவ தனியாக வந்தா, வேறு ஒருத்தரும் இல்லை. அப்போதும் என் கை அந்தக் கடதாசிக் கப்புக்குத்தான் போனது. யாருக்குப் பயந்து? கழுவுகிற வேலை மிச்சம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மற்ற மூன்று கப்பையும் கழுவிக்கொண்டுதானே இருந்தேன்.

அக்கா போன பிறகு மகள் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். மறுநாள் காலையில் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள், அலுமாரியைத் திறந்து ஒரு கடதாசிக் கப்பை எடுத்தாள், அதில் பாலை ஊற்றி எனக்கு முன்னால் இருந்து குடித்தாள். மத்தியானம் தண்ணியும் அதில்தான். அடுத்த நாளும் அப்படியே.

"என்னடி உது புதுப் பழக்கம்?" என்று கத்தினேன். அவள் எழும்பவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. "விடப்பா, பிள்ளை களைச்சுப்போய் நிறுத்துவாள்," என்றார் மனுசன். அவள் நிறுத்தவில்லை. ஐந்து நாள் நான் அவளுக்கு எதிரே இருந்து பீங்கான் கப்பில் குடித்தேன்.

ஆறாம் நாள், சனிக்கிழமை, அக்காவின் வீட்டுக்குப் போனேன்.

"வாங்கோ தங்கச்சி," என்று கதவைத் திறந்தா. வழமைபோல அலுமாரியிலிருந்து ஒரு சின்ன அப்பிள் ஜூஸ் பெட்டியை எடுத்து எனக்கு முன்னால் வைத்தா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் கொண்டுபோகிற, பக்கத்தில் ஸ்ட்ரோ ஒட்டியிருக்கிற பெட்டி. அந்த வீட்டில் நான் எப்போதும் அதுதான் குடித்திருக்கிறேன். தேத்தண்ணி போடட்டோ என்று முன்பெல்லாம் கேட்பா. இப்பதான் குடிச்சனான், இண்டைக்கு விரதம், வயிறு சரியில்லை என்று நான் ஒவ்வொரு முறையும் ஒவ்வொன்று சொல்லுவேன். எப்போதோ அவ கேட்பதை விட்டுவிட்டா. அவவின் பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கென்று வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா, இந்த ஜூஸ் ஆருக்கு வாங்கி வைக்கிறனீங்கள்?"

"உங்களுக்குத்தான்," என்றா. "மூடின சாமான் எண்டால் நீங்கள் குடிப்பியள்."

கோபமாகச் சொல்லவில்லை. சீனி வருத்தக்காரருக்குச் சீனி போடாமல் கொடுப்பதைப்போலச் சொன்னா. எனக்குத் தலை நிமிர்த்த முடியவில்லை. இந்த நீள வாய்க்காரிக்கு ஒரு வசனம் ஒழுங்காக வரவில்லை. அழுது, மூக்கைச் சிந்தி, நான் செய்தது பிழை, எல்லாம் தெரிஞ்சுதான் செய்தனான் என்று உளறினேன். பிறகு, "எனக்கு ஒரு தேத்தண்ணி போட்டுத் தாங்கோ அக்கா. உங்கடை கப்பிலை," என்றேன்.

அக்கா எழும்பவில்லை.

"இண்டைக்கு ஏலாது தங்கச்சி," என்றா. "நீங்கள் அழுதிட்டியள் எண்டு நான் உடனை தண்ணி கொதிக்க வைக்கிறதோ? நான் எத்தினை நாள் உங்கடை வீட்டிலையிருந்து வந்து இந்தக் கதிரையிலை இருந்து அழுதிருப்பன்?"

அக்கா ஜூஸ் பெட்டியை என் பக்கம் நகர்த்தினா.

"அண்டைக்கு நான் பொய் சொன்னது உங்களைக் காப்பாத்த இல்லை. தாயை அவள் வெறுக்கக் கூடாது எண்டுதான். பள்ளிக்கூடத்துக்கு நான் வருவன், அது அவளுக்காக. நீங்கள் முதல்லை அவளிட்டை உண்மையைச் சொல்லுங்கோ. தேத்தண்ணியைப் பிறகு பாப்பம்."

அந்த ஜூஸை நான் குடித்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி?

வீட்டுக்கு வந்து மகளை மேசையில் இருத்தி எல்லாவற்றையும் சொன்னேன். சிரட்டை, கோயிலடி, குடிபுகுந்த நாள், கடைசியில் அந்தப் பொய். பெரியம்மாவுக்கு அது விருப்பம் இல்லை, நான்தான் அப்படிக் கொடுத்தேன் என்றேன். என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நல்லது என்றுகூட இருந்தது.

அவள் கையில் இருந்த கடதாசிக் கப்பை உருட்டிக்கொண்டிருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அம்மா, நான் உங்களோடை மட்டும் கோவமில்லை," என்றாள். "சின்னனிலை பெரியம்மா வந்தால் அலுமாரிக்கு ஓடிப்போய் அதை எடுக்கிறது நான்தானே. 'இது பெரியம்மான்ரை கப்' எண்டு நானே கொண்டுபோய்க் குடுக்கிறனான். உங்களுக்கு ஞாபகமில்லையோ?"

ஞாபகம் வந்தது. அவளுக்கு அப்போது மூன்றோ நான்கோ வயது. அத்தனை கப்புக்குள் சரியான கப்பைக் கண்டுபிடித்துவிட்டாள் என்று நான் கைதட்டி, "என்ரை கெட்டிக்காரி" என்று அவளைத் தூக்கிக் கொஞ்சினேன். அக்கா அந்தக் கப்பைக் கையில் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தா.