முறைப்பட்டியலைத் திறக்க எடுத்த மூன்று நாள்

நான் கணிதப் பட்டதாரி. எங்கள் ஏரிப் பாசன சங்கத்துக்குப் பத்தொன்பது ஆண்டுகள் தொடர்ந்து செயலாளராக இருந்தேன். தியாகதுருகம் சாலையிலுள்ள எங்கள் ஊரில், மதகுத் தண்ணீர் எந்தக் கிழமை யாருக்கு என்பதில் என் சொல்லைச் சென்ற ஆண்டு வரை எவரும் மறுத்ததில்லை. இதைப் பதிவு செய்துவிட்டே மற்றதைச் சொல்கிறேன்.

முறைப்பட்டியல் பழைய விண்டோஸில் ஓடும் ஒரு நிரலில் இருந்தது. அந்தக் கணினி இடி மின்னலில் பழுதானபோது கோப்புகளை மீட்டுப் புதிய கணினியில் சேர்த்தேன். நிரல் அதில் திறக்கவில்லை. பட்டியல் எனக்கு மனப்பாடம் என்பதால் அதைப் பொருட்படுத்தவில்லை.

சென்ற ஆண்டு ஏரியில் தண்ணீர் குறைவு. வரும் வெள்ளிக்கிழமை மதகை ஒட்டிய தலைமடைக்காரருக்கு என்று ஒரு திங்களன்று நினைவிலிருந்து அறிவித்தேன். மறுநாள் காலை, வாய்க்காலின் கடைசி நிலத்துக்காரரான கடைமடைக்காரர் வீட்டுக்கு வந்தார்.

“ஐயா, வெள்ளிக்கெழம என்னுதுங்க. நாத்து முத்திக்கினு வருது. இத வுட்டா நடவே இல்ல. லிஸ்ட்ட ஒருதபா பாத்துச் சொல்லுங்க.”

“பார்த்துச் சொல்கிறேன்” என்றேன்.

ஒரு கணினிக்குள்ளேயே மற்றொரு கணினியை உருவாக்கி, அதில் பழைய விண்டோஸை ஓட்டலாம் என்று படித்திருந்தேன். பழைய குறுந்தகடும் என்னிடம் இருந்தது. அதற்கான மென்பொருளை நிறுவியதும், செயலியின் மெய்நிகராக்க வசதி அணைக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி அது நின்றுவிட்டது. கணினி உயிர்பெறும் அந்தச் சில நொடிகளில் உள்ளே நுழைந்து மாற்ற வேண்டிய அமைப்பு அது. அதைத் தேடிப்பிடித்து இயக்குவதற்குள் செவ்வாய் கழிந்தது.

புதனன்று, பழைய விண்டோஸுக்கு எவ்வளவு நினைவகம் ஒதுக்குவது என்று மென்பொருள் கேட்டது. எங்கள் ஊர் வழக்கத்தில், ஒருவருடைய முறை வந்தால் வாய்க்கால் முழுவதும் அவருக்கே. மற்ற மடைகளை அடைத்துவிடுவோம். அந்தப் பழக்கத்தில் நினைவகம் முழுவதையும் கொடுத்தேன். திரை உறைந்தது. மீண்டும் தொடங்கி, மீண்டும் முழுவதையும் கொடுத்தேன். அப்போதுதான் தலைமடைக்காரர் இரண்டு பேரோடு வந்து நின்றார்.

“இன்னாங்கய்யா, ஒரே பொட்டியில ரெண்டு ஓடுதாமே. ஒன்னுல எம்பேரு, இன்னொன்னுல அவரு பேருங்களா?”

உடன் வந்தவர்கள் சிரித்தார்கள்.

அவர்கள் போன பிறகு யோசித்தேன். இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. தாங்கி நிற்கும் கணினிக்கும் பங்கு வேண்டும். பாதியை மட்டும் ஒதுக்கினேன். பழைய விண்டோஸ் நிறுவலுக்கு இசைந்தது. மீட்ட நிரலையும் கோப்புகளையும் அதில் ஏற்றினேன். வியாழன் காலை பட்டியல் திறந்தது.

வெள்ளி கடைமடைக்காரருடையது. தலைமடைக்காரருக்குச் சனி.

அச்செடுத்துக்கொண்டு நேரே மதகுக்குப் போனேன். இருவரையும் வரவழைத்துப் பட்டியலைப் படித்தேன். “திங்களன்று நான் சொன்னது பிழை” என்றேன். அப்படி ஒரு வாக்கியத்தை அந்த இடத்தில் நான் சொல்வது அதுவே முதல் தடவை.

தலைமடைக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “ஐயாவே தப்புன்னா நா இன்னா சொல்றது.”

கடைமடைக்காரர் நன்றி எதுவும் சொல்லவில்லை. “காலையில எத்தினி மணிக்குங்க தொறப்பீங்க?” என்று மட்டும் கேட்டார். ஆறு மணிக்குத் திறந்தேன். ஞாயிறன்று அவர் நட்டார்.

என் பிழையை மறைக்க ஒரு வாரம் பட்டியலைப் பதுக்கினேன் என்றும், கணினிக்குள் இரண்டு பட்டியல்கள் இருந்தன என்றும் ஊரில் சொல்கிறார்கள். எடுத்தது மூன்று நாள். இருந்தது ஒரே பட்டியல்.