தண்ணீர் வரிசையில் ஓர் ஆண்பிள்ளை

பெண்களின் கூலியில்லா உழைப்பைப் பற்றி மாட்டுங்காவில் ஒரு கல்லூரி அரங்கில் இருபது நிமிடம் பேசிக் கைதட்டல் வாங்கியவன் நான். அன்று நான் போட்டிருந்த சட்டைக்கு இஸ்திரி போட்டவள் என் அக்கா. பேச்சில் அதைச் சேர்க்க மறந்துவிட்டேன்.

அதே மாதம் அக்காவுக்கு ஐரோலியில் வேலை கிடைத்தது. கம்பெனி பஸ் காலை ஆறரைக்கு சயானில் நிற்கும். சனிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும். வீட்டில் பெரிய சண்டை வரும் என்று நம்பி, பாதுகாப்பு, கல்யாணம், ஊர்ப்பேச்சு என்று ஒவ்வொன்றுக்கும் மறுப்பு தயாரித்து வைத்திருந்தேன். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"அப்போ தண்ணி யாரு பிடிப்பா?"

தாராவியில் எங்கள் சந்துக் குழாயில் ஆறிலிருந்து ஏழு வரைதான் தண்ணீர். அந்த நேரத்தில் அம்மா இட்லிக் கொப்பரையை விட்டு நகர முடியாது; அப்பா முதல் ஈடு இட்லியோடு சைக்கிளில் விற்கக் கிளம்பியிருப்பார். பத்தாம் வகுப்பிலிருந்து குழாயடி அக்காவுடையது. நான் தூங்கிக்கொண்டிருப்பேன். அதாவது, படித்துக் களைத்த மூளைக்கு ஓய்வு கொடுப்பேன்.

"நான் இருக்கேன்ல?" என்றேன்.

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மூணு நாள் பிடிச்சுக் காட்டுலே. பொறவு கம்பெனிக்குச் சரின்னு சொல்லுதேன்."

முதல் நாள் வரிசை முழுக்கப் பெண்கள். எதிர்வீட்டுச் சித்தி பதறிவிட்டாள்: "என்னலே, வீட்டுல யாருக்கும் மேலுக்குச் சரியில்லையா?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "பொண்ணு பாக்க வந்தவன் மாதிரில்லா நிக்கான். யாருட்டி அவனுக்குக் காப்பி குடுக்கது?"

வந்த வாய்ப்பை விடுவேனா? ஒரு நாளைக்குத் தண்ணீருக்காக எவ்வளவு நேரம் போகிறது என்று சித்தியிடம் விசாரித்தேன். அந்த நேரத்தை நாட்டின் வருமானத்தில் சேர்க்கவேண்டும் என்றும் விளக்கினேன்.

"சேக்கட்டும், சேக்கட்டும். ஒன் முறை போயிட்டுலே, அங்க பாரு."

அன்று இரண்டு குடம். மறுநாள் வாயை மூடிக்கொண்டு நின்றதில் நான்கு.

மூன்றாம் நாள் சித்திக்கு மனம் இளகிவிட்டது. "ஆம்பளப் பிள்ள, பாவம், எம்புட்டு நேரம் நிப்பான்? முன்னால விடுங்கட்டி." வரிசை விலகியது. ஒருத்தி குடத்தைப் பிடித்துக் கொடுத்தாள். இன்னொருத்தி வாசல்வரை தூக்கிவந்தாள். பத்தே நிமிடத்தில் ட்ரம், அண்டா எல்லாம் நிறைந்தன. மகன் இளைத்துவிட்டான் என்று அம்மா இரண்டு முட்டை அவித்து வைத்தாள்.

"பாத்தியாக்கா? ஒனக்கு முக்கால் மணி நேரம், எனக்குப் பத்து நிமிஷம். எல்லாம் பிளானிங்."

அக்கா ட்ரம்மை எட்டிப் பார்த்தாள். "ஏழு வருஷமா நிக்கேன். ஒருத்தியும் எனக்குப் பாவம் பாக்கல."

இந்த வரி என் பேச்சில் இருந்திருந்தால் கைதட்டல் இன்னும் பலமாக இருந்திருக்குமே என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. அப்படிப்பட்டவன் நான்.

"போதும்லே," என்றாள் அம்மா. "ஆம்பளப் பிள்ளைய குழாயடிக்கு அனுப்புதாளேன்னு என்னையத்தான் பேசுவாவ. அவ இங்கனயே பக்கத்துல ஏதாச்சும் வேல பாக்கட்டும்."

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். நான் முட்டையைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், உள்ளே ஒரு நிம்மதி. நாளையிலிருந்து ஏழரை வரை தூங்கலாம். அரங்கில் இருபது நிமிடம் பேசிய வாயில் முட்டையைப் போட்டுக்கொண்டேன்.

அவள் காத்திருந்து பார்த்துவிட்டு கம்பெனிக்கு ஃபோன் போட்டாள். "ஹாங் மேடம், மண்டே ஸே. பக்கா." திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வருகிறாளாம். பிறகு என்னிடம்: "திங்கக்கிழமை எவளாவது முன்னால விட்டா போவாத. கடைசில நில்லு. அவளுவளுக்கு நாலு நாள்ல சலிச்சிரும். பொறவு தண்ணியில்லாம என் வேலதான் போவும்."

அம்மா கொப்பரை மூடியைச் சத்தமாக வைத்தாள்.

திங்கட்கிழமை அக்கா பஸ்ஸுக்குப் போய்விட்டாள். "வாலே, முன்னால வா," என்றாள் சித்தி. என் ஒரு கால் ஏற்கெனவே நகர்ந்துவிட்டிருந்தது. அதை இழுத்து வைத்துக்கொண்டு, "இல்ல சித்தி, என் முறை வரட்டும்," என்றேன். வரிசை சிரித்தது. என் முறை வந்தபோது குழாயில் நூல் போலத்தான் ஒழுகியது.

மத்தியானம் ஐரோலியிலிருந்து ஃபோன். "எம்புட்டு?"

"பாதி ட்ரம்."

பாராட்டில்லாவிட்டாலும் ஓர் ஆறுதலாவது வரும் என்று காத்திருந்தேன்.

"அப்போ நாளைக்கு அஞ்சேகாலுக்கே போயி குடத்த வரிசைல வச்சிரு," என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டாள்.