தளிர்த்த கோல் போஸ்ட்

முள்முருங்கைக் கிளையை வெட்டும்போது எழும் பச்சை வாசனையில், என் மகள் வாசலில் கோல் போஸ்ட் நட்ட நாள் திரும்பி வந்துவிடுகிறது. எங்கள் கொல்லிமலை வீட்டில் வாசல் முடியும் இடத்தில் சரிவு தொடங்கும். கோல் விழுந்தால் பந்தும் உருண்டு ஓடையோடு போய்விடும். செம்மேட்டுக் கடையில் வாங்கிய பந்துகளில் அவளிடம் மிஞ்சியிருந்தது ஒன்றுதான்.

மிளகுக்கொடி படர்வதற்கு நடுவதைப் போலவே இரண்டு பச்சை முள்முருங்கைக் கிளைகளை நட்டாள். குறுக்கே மூங்கில் வைத்து, பின்னால் பழைய நிழல்வலையை இழுத்துக் கட்டினாள்.

“காஞ்ச கம்பு கெடைக்கலையா கண்ணு? இது தளுத்துருமே” என்று சிரித்தேன்.

“தளுக்கட்டும்ப்பா. வேர் புடிச்சாத்தான் பந்து பட்டாலும் சாயாது.”

அந்த மழைக்காலம் ஓய்ந்தபோது கம்பங்கள் தளிர்த்திருந்தன. பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து ஓங்கி உதைத்தாள். மகள் பாய்ந்தும் எட்டவில்லை. இருந்த ஒரு பந்தும் போயிற்று என்றே நினைத்தேன். வலை பின்னால் பிதுங்கியது, இலைகள் சிலிர்த்தன, கம்பங்கள் சாயவில்லை. பந்து வாசலுக்கே திரும்பி வந்தது. வேரை நம்பிக் கட்டியவளை வியந்து பார்த்தபடி நின்றேன்.

பொழுது சாயும் வரை ஆடினார்கள். கிளம்பும்போது அந்தப் பெண் மகளிடம் சொன்னாள்: “நாளைக்கும் வாரேன். நீயும் ஒண்ணாவது புடி, எல்லாத்தையும் வலையே புடிக்குது.”