வெள்ளைத் துணி கட்டின ஆறு குடம்

ஆரோக்கியதாசு ஒரு எஞ்சினைப் பிரிச்சான்னா, கழட்டுற போல்ட்டையெல்லாம் இட்லித் தட்டுலதான் வைப்பான். முதல்ல கழட்டினது முதல் குழியில, அடுத்தது அடுத்த குழியில. மாட்டும்போது கடைசிக் குழியில இருந்து திரும்பி வருவான். "மண்டையில வச்சா மறந்துபோகும்மா, குழியில வச்சா அது அங்கனயே கெடக்கும்"னு சொல்லிச் சிரிப்பான். அவன் வீட்டுக்காரி சத்யபிரியா வாங்குற இட்லித் தட்டு எதுவும் அடுப்படியில ஒரு மாசம் தங்குனதில்லை.

நாகல் நகர்ல எங்க வீட்டுப் பின்பக்கம் பன்னெண்டு வருசமா குடியிருக்கான். பொறந்தது நத்தம் பக்கத்து ஊரு. எளவட்டத்துல கடலோரத்துக்குப் போயி, மீன்பிடி போட்டு எஞ்சின் பட்டறையில ஆறு வருசம் வேலை பாத்தான். சத்யபிரியாவைக் கட்டுனதும் அங்கனதான். திரும்பி வந்து, தோட்டத்துக் கிணத்து ஆயில் எஞ்சின் வேலையெல்லாம் எடுத்துச் செய்ய ஆரம்பிச்சான். மனுசங்ககிட்ட பேசுறதைவிட எஞ்சின்கிட்டதான் அதிகம் பேசுவான். "என்னடா, மூச்சு முட்டுதா? இரு, இரு"ம்பான். என்னை அம்மான்னுதான் கூப்பிடுவான். எங்க வீட்டுக்காரர் செத்த அன்னைக்குக் கரண்டு போயிருச்சு. ஐஸ் பெட்டி நின்னுறக் கூடாதுன்னு எங்கேயோ போயி ஜெனரேட்டரைத் தூக்கிட்டு வந்து, பொணம் எடுக்குற வரைக்கும் அது பக்கத்துலயே நின்னான். சாப்பிடக்கூடப் போகலை.

அப்படிப்பட்டவனுக்குத்தான் நான் ஒரு காரியம் பண்ணேன். நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்டிருக்கிற என் பேத்தி ஜீவிதா, "அதை விட்டுருவோமா அப்பத்தா?"ங்குறா. எழுதுடீன்னுட்டேன்.

போன வருசத்துக்கு முந்தின கோடை. குழாயில நல்ல தண்ணி பத்து நாளைக்கு ஒருக்கா வந்துச்சு. மத்ததுக்கெல்லாம் போர்த் தண்ணிதான். வாயில வச்சா கரிக்கும், அடியில செம்மண் தங்கும். அந்த நேரம் பாத்து சத்யபிரியாவோட தம்பி ரொனால்டு, தன்னோட போட்டு எஞ்சினை லோடு ஆட்டோவுல ஏத்திக்கிட்டு வந்து எறங்குனான். மீன் பிடிக்கப் போற அவனுக்குச் சோறு போடுறதே அந்த எஞ்சின்தான்.

"அரை மணி நேரம் ஓடுனா உலை மாதிரி கொதிக்குது மச்சான். அங்க யாராலயும் முடியலை. உங்களை நம்பித்தான் வந்திருக்கேன்"னான்.

தாசு எனக்கும் காட்டுனான். கடல் தண்ணி ஒரு பக்கமா உள்ள வந்து, எஞ்சினைச் சுத்தி ஓடி, சூட்டை வாங்கிக்கிட்டு மறுபக்கம் கொட்டுமாம். அந்த வழி பூராவும் உப்பு ஏடு ஏடாப் படிஞ்சிருந்துச்சு. என் வெந்நீர்ப் பானைக்குள்ள படியுமே, அதே மாதிரி. அதுக்குள்ள பொடிப்பொடியாச் சிப்பி வேற ஒட்டியிருந்துச்சு.

ரெண்டு நாள் வேலை. ரெண்டு கட்டை மேல எஞ்சினைத் தூக்கி வச்சு, டிரம்முல இருந்து ஓஸ் போட்டு, அடைசலைக் கரைக்கிற மருந்துத் தண்ணியை உள்ள விட்டு ஊற வச்சான். தொறந்து விட்டா டீத்தண்ணி மாதிரி வந்துச்சு. மறுபடி விட்டான், மறுபடி எடுத்தான். தண்ணியை உறிஞ்சுற எடத்துல ரப்பர்ல சின்னக் காத்தாடி மாதிரி ஒண்ணு சுத்தும். பழசைக் கழட்டிட்டுப் புதுசு போட்டான். ரெண்டாம் நாள் மத்தியானம் என்கிட்ட வந்தான்.

"அம்மா, கடைசி அலசலுக்கு நல்ல தண்ணி வேணும். உள்ள மருந்தும் உப்பும் தங்கக் கூடாது. எங்கிட்ட மூணு குடம் இருக்கு. நீங்க ஒரு ஆறு குடம் குடுங்க, தண்ணி வந்த அன்னைக்கு எட்டாத் திருப்பிக் குடுக்குறேன்."

"மனுசன் குடிக்கிற தண்ணியை உன் மிசினு குடிக்கணுமாக்கும்?"

"குடிக்காதும்மா. வாய்தான் கொப்பளிக்கும்."

"கொப்பளிக்க உப்புத் தண்ணிதான்டா நல்லது!"

ரொனால்டு விழுந்து விழுந்து சிரிச்சான். தாசும் சிரிச்சுக்கிட்டே, "இது பல்லுவலி இல்லம்மா"ன்னான். சரி, தாரேன்னேன்.

அன்னைக்கு என் வீட்டுல ரெண்டு டிரம்மும் பதினாலு குடமும் நெறைஞ்சிருந்துச்சு. நான் பொய் சொல்ல விரும்பலை. எனக்குத் தண்ணி இல்லாம இல்லை. கொடுக்க மனசு வரலை, அம்புட்டுத்தான். கொல்லையில சிமெண்டுத் தொட்டியில போர்த் தண்ணி நின்னுச்சு. அதுல அடியோட மோந்து ஆறு குடத்துல ஊத்துனேன். எங்க வீட்டுல நல்ல தண்ணிக் குடத்துக்கு மட்டும் வாயில வெள்ளைத் துணி கட்டுவோம். அந்த ஆறு குடத்துக்கும் நானே கட்டுனேன். முடிச்சு போடும்போது கை நடுங்கலை. அதைத்தான் இப்போ நெனைச்சா கூசுது.

"நல்ல தண்ணிதானேம்மா?"ன்னு கேட்டுக்கிட்டே துணியை அவுத்தான்.

"பின்ன வேற என்னத்தைக் குடுப்பேன்?"னேன். உள்ள எட்டிக்கூடப் பாக்காம டிரம்முல சாய்ச்சுட்டான்.

பத்து நாள் கழிச்சு ரொனால்டுகிட்ட இருந்து போன் வந்துச்சு. நடுக்கடல்ல எஞ்சின் கொதிச்சு நின்னுபோச்சு. இன்னொரு போட்டுல கயிறு கட்டி இழுத்துட்டு வந்திருக்காங்க. ரப்பர் காத்தாடி கிழிஞ்சு, துண்டு போயி வழியை அடைச்சு, சூட்டுல எஞ்சினோட தலைங்குற மேல்மூடி வளைஞ்சிருச்சாம். கரையில நாலு பேர் முன்னாடி பிரிச்சுப் பாத்திருக்கான்.

"உள்ள மண்ணு மச்சான். கடல் மண்ணு இல்ல, செம்மண்ணு. உங்க ஊரு மண்ணு. கழுவித் தாங்கன்னு கொண்டாந்தா மண்ணை அள்ளிப் போட்டு அனுப்பியிருக்கீங்க. இனிமே என் எஞ்சின்ல நீங்க கை வைக்க வேணாம்"னான். எங்க முற்றம் வரைக்கும் கேட்டுச்சு.

சத்யபிரியா புருசனோட முகம் குடுத்துப் பேசுறதை விட்டுட்டா. தாசு எதுத்து ஒரு வார்த்தை சொல்லலை. எந்த டிரம்மை மாத்தி வச்சோம், எதை அலசாம விட்டோம்னு யோசிச்சு யோசிச்சு ஓஞ்சுபோனான். கடைசியில, தப்பு தன்னோட மண்டையிலதான்னு முடிவு பண்ணிட்டான். அவங்க அய்யா கடைசிக் காலத்துல தன் வீட்டு வாசலே தெரியாம அடுத்த வீட்டுக்குள்ள போவாராம். தனக்கும் அது வந்துருச்சுன்னு நெனைச்சான். வந்த வேலையை வேணாம்னான். நட்டை முறுக்கிட்டு, மறுபடி தொட்டுப் பாப்பான், மறுபடியும் தொட்டுப் பாப்பான்.

நான் என்ன பண்ணேன்? வெஞ்சனம் குடுத்தேன். கத்திரிக்காய்ப் பொரியல் ஒரு நாள், கருவாட்டுக் குழம்பு ஒரு நாள். கடல்ல மண்ணே இல்லையா, ஆறு குடத்துலயா எஞ்சின் போயிரும்னு எனக்கு நானே பேசிக்கிட்டேன். செம்மண்ணுன்னு ரொனால்டு சொன்னது என் காதுல விழாத மாதிரியே இருந்தேன். ஒரு நாள் கிண்ணத்தைத் திருப்பிக் குடுக்க வந்தவன், "எல்லாரும் திட்டிட்டாங்கம்மா. நீங்க மட்டும்தான் ஒரு வார்த்தை சொல்லலை"ன்னான். கிண்ணத்தைக் கழுவித் துடைச்சுக் கொண்டாந்திருந்தான்.

இப்படியே நாப்பது நாள் ஓடுச்சு. ஒரு காலையில முற்றத்துல ஒரு சின்ன மோட்டாரைப் பிரிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான். இட்லித் தட்டுல ஒவ்வொரு குழிக்கும் காகிதத்துல நம்பர் எழுதி ஒட்டியிருந்தான். கையில ஒரு போல்ட்டை வச்சுக்கிட்டு என்னை நிமிந்து பாத்தான்.

"அம்மா, இதை எந்தக் குழியில இருந்து எடுத்தேன்? நீங்க பாத்தீங்களா?"

வெளையாட்டுக்குக் கேக்கலை. கண்ணுல பயம் இருந்துச்சு. நான் அங்கனயே தரையில உக்காந்துட்டேன்.

"தாசு, அந்த ஆறு குடமும் தொட்டித் தண்ணிடா. அடியில கெடந்த மண்ணோட மோந்து, துணியைக் கட்டிக் குடுத்தேன். வீட்டுல நல்ல தண்ணி இருந்துச்சு. வேணும்னுதான் குடுக்கலை."

திட்டட்டும்னு இருந்தேன். அவன், "அப்போ நான் மறக்கலையாம்மா?"ன்னான்.

"நீ எதையும் மறக்கலைப்பா."

எழுந்திரிச்சு உள்ள ஓடுனான். "ஏ பிரியா, எனக்கு ஒண்ணும் இல்லடி! மண்டை நல்லாத்தான் இருக்கு!"ன்னு சின்னப் பிள்ளை மாதிரி கத்துனான். திரும்பி வந்து, நல்ல வேளை சொன்னீங்கம்மான்னு என் கையைப் புடிச்சுக்கிட்டான். அவன் அடிச்சிருந்தாக்கூட எனக்கு அம்புட்டு வலிச்சிருக்காது.

சத்யபிரியா சிரிக்கலை. போனைப் போட்டு, சத்தமாக் கேக்குற மாதிரி வச்சு, என் முன்னாடி நீட்டுனா. "என் தம்பிகிட்ட நீங்களே சொல்லுங்க. நாலு பேர் முன்னாடி இவுக பேரு கெட்டுச்சுல்ல"ன்னா. சொன்னேன். தண்ணிப் பஞ்சம்னு ஒரு சாக்கு வாய் வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டேன்.

"உங்க வயசுக்கு நான் எதுவும் பேசக் கூடாது பாட்டி. போனை மச்சான்கிட்ட குடுங்க"ன்னான்.

தாசு முற்றத்து மூலைக்குப் போயி அவனோட பேசுனான். மறு வாரம் எஞ்சின் திரும்பி வந்துச்சு. வளைஞ்ச தலையை லேத்துல குடுத்துச் சரி பண்ணி, மறுபடி முதல்ல இருந்து எல்லாத்தையும் கழுவுனான். கடைசி அலசலுக்கு என்கிட்ட தண்ணி கேக்கலை. நானாத்தான், குழாயில தண்ணி வந்த அன்னைக்குப் புடிச்ச ஒம்பது குடத்தையும் ஒவ்வொண்ணா இடுப்புல வச்சுக் கொண்டு போயி எறக்குனேன். ஜீவிதா தூக்குறேன்னு வந்தா, விடலை.

தாசு முதல் குடத்தைச் சாய்ச்சு உள்ளங்கையில கொஞ்சம் எடுத்தான். வாயில வச்சுப் பாத்துத் துப்பினான். குடத்துக்குள்ள எட்டி அடியைப் பாத்தான். அதுக்கு அப்புறம்தான் டிரம்முல ஊத்துனான். அடுத்த குடத்துக்கும் அதையே செஞ்சான்.

"தப்பா நெனைக்காதீங்கம்மா"ன்னான், தலையை நிமித்தாம.

"நல்லாப் பாருப்பா"ன்னேன். ஒம்பதாவது குடத்தையும் அவன் வாயில வச்சுப் பாத்துத் துப்புற வரைக்கும் அங்கனயேதான் நின்னேன்.