சுண்ணாம்பு பூசிய ஓக் கன்று

ஜெகநாதன் பாராடாங் தீவின் வனத்துறை முகாமில் பதினோர் ஆண்டுகள் தினக்கூலித் தோட்டக்காரராக இருந்தவர். துறையூரிலிருந்து கப்பலேறி வந்தபோது, அவருடன் வந்தவை ஒரு மண்வெட்டியும், எதையும் வளர்த்துவிடலாம் என்னும் நம்பிக்கையும். மனைவி பொன்னம்மாவும் உடன் வந்தார். அந்த நம்பிக்கையை அவ்வப்போது மறுத்துப் பேசினார்.

1966-ஆம் ஆண்டில் முகாமின் அதிகாரியாக இருந்த பிஷ்ட், இமயமலைச் சாரலிலுள்ள குமாவூனைச் சேர்ந்தவர். அங்கே ஓக் மரங்கள் மிகுதி. ஊர் நினைவாக ஐந்து ஓக் கொட்டைகளைக் கொண்டுவந்து பங்களா வாசலில் ஊன்றினார். நான்கு அழுகின, ஒன்று முளைத்தது. அது சாண் உயரம் வளர்ந்திருந்தபோது, அவர் மூன்று மாத விடுப்பில் ஊருக்குப் புறப்பட்டார்.

“நான் திரும்பும்போது இந்தக் கன்று உயிருடன் இருந்தால், உங்களை நிரந்தரமாக்கும்படி மேலிடத்துக்கு எழுதுகிறேன்” என்று இந்தியில் சொல்லிவிட்டுப் படகேறினார்.

பன்னிரண்டாம் நாள் ஒரு புள்ளிமான் வேலியைத் தாண்டிக் கன்றை வேரோடு தின்றுவிட்டது. புலியோ சிறுத்தையோ இல்லாத தீவில் மான்களுக்கு யாரிடத்தும் அச்சமில்லை.

“காட்டுல இல்லாத மரமா? ஒண்ணப் புடுங்கிட்டு வந்து நட்டா ஆச்சு” என்றார் ஜெகநாதன்.

“அவரு மரத்துக்குன்னே படிச்சவருங்க” என்றார் பொன்னம்மா.

“படிச்சவரு புஸ்தகத்தப் பாப்பாரு. செடியவா பாக்கப் போறாரு?”

மூன்று நாள் தேடி, ஓக்கைப் போலவே அரம் போன்ற விளிம்புள்ள இலைகளுடன் ஒரு கன்றைக் கொண்டுவந்தார். பொன்னம்மா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தார்.

“அதுக்கு அடிப்பக்கம் சாம்பல் பூத்தாப்ல வெள்ளையா இருக்கும். இதுக்கு முதுகும் பச்ச, வயிறும் பச்ச.”

ஜெகநாதன் இலையின் அடிப்பக்கத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். “உன் வெத்தலப் பொட்டியில சுண்ணாம்பு இருக்கா?”

சனவரியில் பிஷ்ட் திரும்பினார். குனிந்து கன்றைப் பார்த்தார். “அச்சா” என்றார், உள்ளே போய்விட்டார். அன்று முதல், அதிகாரி தேநீர் அருந்த வாசலுக்கு வருமுன் பதினெட்டு இலைகளின் அடிப்புறத்திலும் துணியால் சுண்ணாம்பு தடவுவது ஜெகநாதனின் முதற்பணியாயிற்று.

“நம்ம வீட்டுச் சுவத்துக்கு மூணு வருஷமா வெள்ளையடிக்க ஆளில்ல” என்றார் பொன்னம்மா. “சும்மா நிக்கிற செடிக்கு நித்தமும் பொங்கல்.”

நிரந்தரக் கடிதமோ, ‘அடுத்த கப்பலுக்கு எழுதுகிறேன்’ என்று தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது.

மார்ச்சு வெயில் வந்தது. அதிகாரியின் ஊரிலுள்ள ஓக், புதிய இலை வரும்வரை பழைய இலையை விடாமல் ஆண்டு முழுவதும் பசுமையாக நிற்பது. ஜெகநாதன் கொணர்ந்ததோ கோடையில் மொட்டையாகும் இனம். ஒரே வாரத்தில் பதினோர் இலைகள் உதிர்ந்தன.

“தச்சு விடட்டுமா?” என்று கேலியாகக் கேட்டார் பொன்னம்மா.

“பச்ச நூல் இருக்கா?” என்று மெய்யாகவே கேட்டார் அவர்.

கடைசி இலை, பிஷ்ட் வாசலில் நின்றபோதே விழுந்தது. அவர் அதை எடுத்துத் தேய்த்தார். கட்டைவிரல் வெண்மையாயிற்று.

“ஓக்கின் இலைகள் ஒன்று இப்பக்கம், ஒன்று அப்பக்கம் என மாறி மாறி ஏறும். இதில் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்றன. வந்த அன்றே பார்த்தேன்” என்றார்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, சாப்.”

“சொல்லத்தான் இருந்தேன். மறுநாள் விடியற்காலையில் சன்னல் வழியே உங்களைப் பார்த்தேன். எத்தனை நாள் இப்படிச் செய்வீர்கள் என்று அறிய விரும்பினேன்.”

“எழுபத்தோரு நாள், சாப்” என்ற ஜெகநாதன், மான் வந்த கதையைத் தலைகுனிந்து சொன்னார்.

பிஷ்ட் சிரிக்கவில்லை. “மான் தின்றதற்கு நீங்கள் பொறுப்பில்லை, பொய்க்குப் பொறுப்பு. இந்தக் குச்சியைத் துளிர்க்கச் செய்யுங்கள், எழுதுகிறேன். இல்லையேல் எழுத மாட்டேன்.”

ஜெகநாதன் ஆளுயர வேலி கட்டினார்; மீன் கழிவை மட்க வைத்து உரமிட்டார்; இருவேளை நீரூற்றினார். உயிர் இருக்கிறதா என்று நகத்தால் பட்டையை அடிக்கடி கீறிப் பார்த்தார்.

“சுரண்டியே கொன்னுடாதீங்க” என்று கடிந்த பொன்னம்மா, குச்சியைச் சுற்றி முள்ளைப் பரப்பி அவரையும் வேலிக்கு வெளியே நிறுத்தினார். “நான் பிள்ள பெத்தப்பகூட இந்தக் கவலயக் காணோம்.”

ஏப்ரல் முழுவதும் குச்சி குச்சியாகவே நின்றது. மே மாத மழை தொடங்கிய ஒன்பதாம் நாள், நுனியில் இரண்டு துளிர்கள் எதிரெதிரே தோன்றின. உண்டுகொண்டிருந்த அதிகாரியை ஜெகநாதன் எச்சிற்கையுடனேயே வாசலுக்கு அழைத்துவந்தார். பிஷ்ட் முள்ளுக்கு வெளியே குந்தியிருந்து நெடுநேரம் பார்த்தார். கடிதம் அன்று மாலைப் படகிலேயே சென்றது.

ஆணை ஆகஸ்டில் வந்தது. நாற்றுப்பண்ணையில் நிரந்தரப் பணி. அதனுடன் இருந்த பரிந்துரைக் கடிதத்தின் படியை எழுத்தர் நஜிமுதீன் தமிழில் படித்துச் சொன்னார்: “இவருக்கு மரங்களை இனங்காணத் தெரியாது. ஆனால், எம்மரத்தையும் வளர்க்கத் தெரியும்.”

இரண்டாம் வாக்கியத்தை ஜெகநாதன் பாராடாங் முழுவதும் சொல்லித் திரிந்தார். முதல் வாக்கியத்தைப் பொன்னம்மா சொன்னார்.